மண்ணில் ஓடிய வண்டி தார்த் தடத்துக்கு வரும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2012-ஆம் ஆண்டு மாடல் ஹீரோ இம்பல்ஸ் இருக்கிறது. எஸ்டேட் மண்பாதைகளிலேயே உழைத்த வண்டி. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் தனியாருக்கு இடம் தரும் டிராக் நாள்களில் ஓட்டுவதற்கு ஏற்ப அதை மாற்ற விரும்புகிறேன். முன் டயர் 90/90-19, பின் டயர் 110/90-17. முதலில் எஞ்சினைப் பிரித்து போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, பெரிதாக்கிவிடலாம் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். அவர் சொல்வது சரியா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: எஞ்சினை இப்போதைக்குத் தொடாதீர்கள். 149 சி.சி.யில் 13 குதிரைத்திறன் சொச்சம் தரும் அந்த எஞ்சின், செட்டிப்பாளையத்தில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் நீளமே உள்ள, வளைவுகள் நெருங்கி வரும் அந்தத் தடத்துக்குத் தொடக்கத்தில் போதுமானது. நீங்கள் நேரத்தை இழக்கப்போவது நேர்ப்பாதையில் அல்ல. பிரேக் பிடிக்கும் இடத்திலும், வண்டியைச் சாய்க்கும் இடத்திலும்தான். மண் வண்டியின் உயரம், நீண்ட சஸ்பென்ஷன், குறுகிய ரிம் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினுக்கு மட்டும் பலம் சேர்த்தால், அந்தக் குறைகளோடு இன்னும் வேகமாக வளைவுக்குள் நுழைவீர்கள், அவ்வளவுதான்.

வேலையைச் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். 19 அங்குல முன்சக்கரத்துக்குத் தடத்தில் ஓட்டத் தகுந்த மென்மையான ரப்பர் கொண்ட டயர் கிடைப்பது அரிது. 17 அங்குலத்தில் தேர்வுகள் நிறைய உண்டு. இப்போதுள்ள ஹப்பையே வைத்துக்கொண்டு, அகலமான 17 அங்குல ரிம்மும் அதற்கேற்ற குட்டையான போக்ஸ் கம்பிகளும் போட்டு, பெண்டு எடுப்பதில் கை தேர்ந்தவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். முன்னால் 110/70-17 டயருக்கு மூன்று அங்குல ரிம்மும், பின்னால் 130/70-17 டயருக்கு மூன்று அல்லது மூன்றரை அங்குல ரிம்மும் பொருந்தும். பழைய குறுகிய ரிம்மிலேயே அகலமான டயரை ஏற்றிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள்; அதைக் கேட்காதீர்கள். குறுகிய ரிம் டயரின் இரு ஓரங்களையும் உள்நோக்கி இழுத்துவிடுவதால் டயரின் நடுப்பகுதி கூம்பாக எழும்பி, சாய்வில் தரையோடு ஒட்டவேண்டிய ரப்பர் சரியாக ஒட்டாமல் போய்விடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. சக்கரத்தை மாற்றியதுமே வண்டியின் கோணம் மாறிவிடுகிறது. உங்கள் பழைய முன் டயரின் விட்டம் கணக்குப்படி சுமார் 645 மி.மீ.; புதியதன் விட்டம் சுமார் 586 மி.மீ. ஆகவே முன் அச்சு 29 மி.மீ. கீழே இறங்குகிறது. பின்னால் இறங்குவதோ 8 மி.மீ. மட்டுமே. மீதமுள்ள 21 மி.மீ. வித்தியாசத்தால் முன்ஃபோர்க் ஏறக்குறைய ஒரு டிகிரி செங்குத்தாகிறது. ஃபோர்க் நிமிர்வதாலும் சக்கரம் சிறியதாவதாலும், ஹேண்டிலின் நேர்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது டிரெயில், சுமார் 20 மி.மீ. குறைகிறது. மண் வண்டிகளில் டிரெயில் தாராளமாகவே இருப்பதால் இந்த அளவு குறைவது நன்மைதான். வண்டி சட்டென்று திரும்பும். ஆனால் இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல், ‘வண்டி உயரமாக இருக்கிறது’ என்று ஃபோர்க் குழாய்களை, அவற்றை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் டி-யிலிருந்து மேலே ஏற்றி மேலும் தாழ்த்தினால், டிரெயில் அளவுக்கு மீறிக் குறைந்து, வேகத்தில் ஹேண்டில் நடுங்கத் தொடங்கும்.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மண் வண்டியைத் தடத்துக்குத் தயார் செய்தபோது, எதையும் அளந்து பார்க்காமல் ஃபோர்க்கை 40 மி.மீ. மேலே ஏற்றினேன். வீட்டு வாசலில் நின்றபோது வண்டி அழகாகத் தெரிந்தது. தடத்தில் முதல் கடும் பிரேக்கில் ஃபோர்க் முழுவதும் அமுங்க, முன் டயர் கீழ் டி-யின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. நல்லவேளையாக நேர்ப்பாதை இன்னும் முடிந்திருக்கவில்லை. சறுக்கி மணலில் விழுந்ததோடு போயிற்று. வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, டயரின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ரப்பர் வழித்தெடுக்கப்பட்டு நூல் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த வண்டியானாலும், ஃபோர்க்கின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தை அடிவரை அமுக்கி, டயருக்கும் டி-க்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்க்காமல் தடத்துக்கு அனுப்புவதில்லை.

தாழ்த்துவதற்குச் சரியான வழி, ஃபோர்க்கின் உள்ளே இருக்கும் ஓட்டத்தையே குறைப்பதுதான். ஃபோர்க்கைப் பிரித்து, உள்ளே அதன் அசைவைக் கட்டுப்படுத்தும் தண்டான டேம்பர் ராடின் தலைக்கும் அதன் கீழ் உள்ள சிறிய ஸ்பிரிங்குக்கும் நடுவே, லேத்தில் கடைந்த 50 மி.மீ. நீள நைலான் புஷ் ஒன்றைச் செருகினால், ஃபோர்க் அந்த அளவு குறைவாக நீளும். மேலே உள்ள பெரிய ஸ்பிரிங் அதே அளவு கூடுதலாக நெருக்கப்படும் என்பதால், அதன் மேலுள்ள குழாய்த் துண்டை அதற்கேற்ப வெட்டிக் குறைக்கவேண்டும். மண்ணுக்காகச் செய்யப்பட்ட ஸ்பிரிங் தடத்துக்கு மென்மையானது. புதிய ஸ்பிரிங் கிடைக்காவிட்டால், உள்ளதிலேயே சில சுற்றுகளை வெட்டி எடுத்து, வெட்டிய நீளத்துக்குக் குழாய்த் துண்டு வைக்கலாம். 40 சுற்றில் 8 சுற்றை எடுத்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு கால் பங்கு கூடும். எண்ணெயையும் ஒரு படி கெட்டியாக மாற்றுங்கள். நீங்கள் உடை, ஹெல்மெட் சகிதம் வண்டியில் அமரும்போது முன்பக்கம் 30 மி.மீ. அளவுக்கு அமுங்கினால் போதும்.

டயரும் ஃபோர்க்குமாக முன்னால் ஏறத்தாழ 80 மி.மீ. இறங்குகிறது. பின்பக்கத்தை அப்படியே விட்டால் வண்டி மூக்கு குத்தி நிற்கும். ஆகவே பின்பக்கத்தையும், டயரால் இறங்கும் 8 மி.மீ. உட்பட, மொத்தம் 30 முதல் 40 மி.மீ. வரை இறக்கவேண்டும். இங்கே ஒரு கவனம் தேவை. பின் ஷாக் அப்சார்பர், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் நடுவழியில் பிடித்திருப்பதால், ஷாக்கின் நீளத்தில் குறைக்கும் 10 மி.மீ., அச்சில் 20 அல்லது 30 மி.மீ. ஆகப் பெருகும். எந்த அளவு பெருகுகிறது என்பதை உங்கள் வண்டியிலேயே அளந்துவிட்டு ஷாக்கில் கைவையுங்கள். எல்லாம் முடிந்தபின் ஃபோர்க் பழைய கோணத்திலிருந்து இரண்டு டிகிரி அளவுக்கு நிமிர்ந்திருந்தால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியை ஃபோர்க் குழாயில் ஒட்டவைத்து, வேலைக்கு முன்பும் பின்பும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கில் செலவு அதிகமில்லை. முன் டிஸ்க்குக்கு எஃகு வலை சுற்றிய ஹோஸ், புதிய பேட், புதிய டாட் 4 எண்ணெய் ஆகியவை போதும். பின் டிரம்மை அப்படியே விடலாம். கடுமையாக முன் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்தின் மேல் பாரமே இருக்காது.

ஹேண்டில்பார் விஷயத்தில் பலரும் அவசரப்பட்டு, ஃபோர்க் குழாயிலேயே பிடிக்கும் தாழ்வான கிளிப்-ஆன் ஹேண்டில் போட்டுவிடுகிறார்கள். அகலமான ஹேண்டில் ஒரு குறையே அல்ல. 1979-இல் அமெரிக்காவின் கார்ல்ஸ்பாடில் மண்தள வீரர்களையும் தார்த்தள வீரர்களையும் ஒரே பந்தயத்தில் மோதவிட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்த சூப்பர்மோட்டோ பந்தயத்தில், தார்ச் சக்கரம் பூட்டிய மண் வண்டிகள் இன்றும் அகலமான ஹேண்டிலோடுதான் ஓடுகின்றன. வளைவுகள் நெருங்கிய கரி தடத்தில் அந்த ஹேண்டில் உங்களுக்கு உதவவே செய்யும். இரண்டு மூன்று டிராக் நாள் ஓட்டிவிட்டு, உடம்பு முன்னால் போகவேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் அப்போது மாற்றலாம். கால் வைக்கும் ஃபுட் ரெஸ்டை மட்டும் இப்போதே சற்று மேலும் பின்னும் நகர்த்திவிடுங்கள். வண்டி தாழ்ந்துவிட்டதால் அது தரையில் உரசும்.

எஞ்சினுக்கு நல்ல எண்ணெய், சரியான டேப்பட் (வால்வு) இடைவெளி, சுத்தமான ஃபில்டர் ஆகியவை போதும். மாற்றவேண்டியது ஸ்ப்ராக்கெட். பின் டயர் சிறியதானதால் ஒவ்வொரு கியரும் இரண்டரை சதவீதம் குட்டையாகியிருக்கும். நேர்ப்பாதை முடிவதற்கு முன்பே கடைசி கியரில் எஞ்சின் உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டால், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் கூட்டுங்கள். 14 பல் 15 ஆனால் ஏழு சதவீத வித்தியாசம் கிடைக்கும்.

கேள்வி: என் சித்தப்பா மண் பந்தயங்களில் ஓட்டிய யமஹா ஆர்.எக்ஸ். 135 என்னிடம் வந்திருக்கிறது. டயரையும் ஃபோர்க்கையும் மாற்றி இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் டிசம்பர் மாதக் காலைப் பொழுதில் ஓட்டினேன். நான்காவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து ஆக்சிலேட்டரை விட்டதும் பின்சக்கரம் இறுகி எஞ்சின் சீஸ் ஆனது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிக்கொண்டது. ஆயில் பம்ப்பைச் சித்தப்பா காலத்திலேயே கழற்றிவிட்டார்கள். பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஓட்டுகிறோம். மண்ணில் ஒருமுறைகூட இப்படி ஆனதில்லையே?
– வாசகர், ஈரோடு

பதில்: மண்ணில் ஆகாததற்கும் தார்த் தடத்தில் ஆனதற்கும் காரணம் ஒன்றே. மண் தடத்தில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து சில நொடிகள்கூடத் தொடர்ந்து ஓட்டமுடியாது. திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கும். இருங்காட்டுக்கோட்டையின் நீண்ட நேர்ப்பாதையில் எஞ்சின் முழுத் திறப்பில் நெடுநேரம் உச்ச வேகத்தில் சுழன்று, பிஸ்டன் நன்கு சூடேறி விரிந்திருக்கும் நிலையில், நீங்கள் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடுகிறீர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோலை நிறுத்திய அந்த நொடியில் எண்ணெயையும் நிறுத்திவிட்டீர்கள். சக்கரமோ எஞ்சினை அதே வேகத்தில் சுழற்றிக்கொண்டே இருக்கிறது.

சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீறல் முன்பக்கம், அதாவது சைலன்சர் பக்கத்தில் மட்டும் இருந்தால், பெட்ரோல் பற்றாமல் அதிகமாகச் சூடாகியிருக்கிறது. நான்கு மூலைகளில் நான்கு கோடுகளாக இருந்தால், எஞ்சின் சூடேறும் முன்பே விரட்டியிருக்கிறீர்கள், அல்லது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி குறைவு. சுற்றிலும் தேய்ந்திருந்தால் எண்ணெய் போதவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முன்பக்கக் கீறலாகவே இருக்கக்கூடும். டிசம்பர் காலையின் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மே மாத நடுப்பகலுக்குச் சரியாக இருந்த ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை, அந்தக் காற்றுக்குப் பற்றாது.

மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கித் தொடங்குங்கள். நேர்ப்பாதையில் முழுத் திறப்பில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து, எஞ்சினை அங்கேயே அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இன்னும் பெரிய ஜெட் வேண்டும். காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் நிறுத்துங்கள். எண்ணெயை லிட்டருக்கு 40 மில்லி கலந்துகொள்ளுங்கள். புகை கொஞ்சம் கூடினால் கூடட்டும். ஆக்சிலேட்டரை விடும்போது இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச்சின் மேல் இருக்கவேண்டும். வேகத்தைக் குறைக்க எஞ்சினை நம்பாமல் பிரேக்கை நம்பி, நடுநடுவே ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்து மூடினால், பிஸ்டனுக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். சித்தப்பாவின் வண்டி என்பதால் சொல்கிறேன்: கீறல் விழுந்த சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒப்பேற்றாமல், அடுத்த அளவுக்குப் போர் செய்து புதிய பிஸ்டன் போடுங்கள்.

கேள்வி: இப்படி மாற்றிய வண்டியிலேயே தடத்துக்குப் போய், ஓட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்பலாமா?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: கூடாது. தயாரிப்பாளர் தந்த வடிவிலிருந்து இந்த அளவு மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை; தடத்துக்காக விளக்கையும் கண்ணாடியையும் கழற்றியிருந்தால், அந்த வண்டி சாலையில் மற்றவர்களுக்கும் ஆபத்து. ஒரு டாடா ஏஸ் பிடித்து ஏற்றிச் செல்லுங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, எஞ்சின் எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை நுழைத்து, போல்ட் கழல முயன்றால் கம்பி இறுகும் திசையில் முறுக்கிச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடிக்கும் அதையே செய்யுங்கள். எஞ்சினின் மூச்சுக் குழாயை ஒரு சிறு பாட்டிலுக்குள் விடுங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியானால் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலன்ட் சிந்திய தார், கழுவினாலும் வெகுநேரம் வழுக்கும். உங்கள் வண்டியிலிருந்து விழும் ஒரு கரண்டி எண்ணெயில் முதலில் சறுக்கப்போவது உங்களுக்குப் பின்னால் வருகிறவர்தான்.