எதிர்முனை பதில் தராவிட்டால் நம் சர்வர் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக்காரர்களுக்கு ஆர்டர் தளம் நடத்தும் வாசகர் கேட்கிறார்: ஜாங்கோவில் (பைதான் மொழியில் தளம் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதியது, அதை ஓட்டும் சர்வர் மென்பொருளான கன்னிகார்னில் நான்கு வொர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் புரோகிராம்), சீசன் நேரத்தில் பணம் வாங்கித்தரும் வெளிச்சேவையான பேமென்ட் கேட்வே தடுமாறினால் வெறும் விலைப்பட்டியல் பக்கம்கூடத் திறப்பதில்லை, ஏன்?

உங்கள் கோடில், கேட்வே போன்ற வெளி சர்வர்களோடு பேச உதவும் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை டைம்அவுட் (காத்திருப்புக்கான நேர வரம்பு) இல்லாமல் அழைத்திருப்பீர்கள். நாம் சொல்லாவிட்டால் அது பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும், அதற்கென்று தானாக ஒரு வரம்பு கிடையாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பணம் கட்டப் போனால் நான்கு வொர்க்கரும் அங்கேயே மாட்டிக்கொள்ளும், பெங்களூரா மாம்பழம் என்ன விலை என்று பார்க்க வந்தவருக்கு ஆளே இல்லை. நாம் மாற்றாவிட்டால், 30 விநாடி ஆனதும் கன்னிகார்ன் அந்த வொர்க்கரைக் கொன்றுவிடும். சர்வரின் பதிவேடான லாகில் 'WORKER TIMEOUT' என்ற வரி இருக்கிறதா, பாருங்கள்.

டைம்அவுட் இரண்டு வகை. போன் ரிங் போய்க்கொண்டே இருப்பது ஒன்று, எடுத்தவர் "இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று போய்விடுவது இன்னொன்று. முதலாவது இணைப்புக்கு, இரண்டாவது பதிலுக்கு. timeout=(3.05, 10) என்று இரண்டையும் விநாடிக் கணக்கில் தனித்தனியாகக் கொடுங்கள். இணைப்புக்கு 1 விநாடிக்குக் கீழே போகாதீர்கள். இணைப்பு கேட்டு அனுப்பும் முதல் பாக்கெட் (தரவுத் துண்டு) வழியில் தொலைந்தால், சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் சுமார் 1 விநாடி கழித்துத்தான் மறுபடி அனுப்பும். அந்த 10 மொத்த நேரம் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். அது இடையில் எதுவுமே வராத இடைவெளிக்கான வரம்பு, எதிர்முனை சொட்டுச் சொட்டாக அனுப்பினால் 10 விநாடியைத் தாண்டியும் இழுக்கும்.

இதைவிட முக்கியமானது, டைம்அவுட் ஆனதும் என்ன செய்கிறீர்கள் என்பது. பணம் போகவில்லை என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பிவிடாதீர்கள். தர்மபுரியில் ஓர் உரக்கடைக்கு நான் எழுதிய தளத்தில் அப்படித்தான் செய்திருந்தேன், ஒரு விவசாயியின் கணக்கில் இரண்டு முறை பிடித்துவிட்டது, திருப்பி வாங்கிக் கொடுப்பதற்குள் அவர் மூன்று தடவை கடைக்கு அலைந்தார். பதில் வரவில்லை என்றால் போனதா இல்லையா என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆர்டரை 'நிலுவை' என்று போட்டு வையுங்கள், அதே ஆர்டர் எண்ணை வைத்து கேட்வேயிடம் நிலவரம் கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். விலையைப் படிப்பது போன்ற வேலை என்றால் சரி, ஒருமுறை மறுபடி முயலலாம், ஆனால் எல்லா முயற்சியும் சேர்ந்து அந்த 30 விநாடிக்குள் அடங்க வேண்டும்.

எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற வேலையைப் பக்கத்தோடு சேர்த்துச் செய்யவே வேண்டாம், பின்னணியில் வேலைகளைச் செய்யும் செலரி என்ற மென்பொருளுக்குத் தள்ளிவிடுங்கள்.