கரண்ட் கார் கேள்வி பதில்: முதல்ல எர்த், அப்புறம்தான் சார்ஜர்

கேள்வி: அண்ணே, கும்பகோணத்துல எங்க தாத்தா காலத்து வீடு. மீட்டர் வாசல் திண்ணையில, கார் நிக்கிறது கொல்லையில. போன மாசம் எலக்ட்ரிக் கார் வாங்குனோம். கம்பெனியில குடுத்த சார்ஜரை ஃபிரிட்ஜ் பக்கத்துல இருக்கிற 15 ஆம்ஸ் பிளக்ல சொருகுனா சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுடுது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டு, பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர் போட்டு சேர்த்துட்டா ஓடிடும்னு சொல்றார். செய்யலாமா?

பதில்: செய்யாதீங்க தம்பி. அந்த துண்டு ஒயரை ஏற்கனவே போட்டுட்டாருன்னா இன்னிக்கே கழட்டச் சொல்லுங்க.

சிவப்பு லைட் எரிஞ்சா சார்ஜர் கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, அந்த பிளக்ல சரியான எர்த் இல்லைன்னு அது கண்டுபிடிச்சு சொல்லுது, அவ்வளவுதான். இத்தனை வருஷமா உங்க வீட்டு ஃபிரிட்ஜும் மிக்ஸியும் எர்த் இல்லாமலேதான் ஓடியிருக்கு, அதுங்க கேக்கல, கார் சார்ஜர் கேக்குது. பழைய வீடுங்கள்ல நிறைய எடத்துல இதே கதைதான், மூணு ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்கு பின்னாடி ஒயரே இருக்காது.

நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்தா என்ன ஆகும்னு கேட்டீங்கன்னா, நியூட்ரல்ங்கிறது கரண்ட் திரும்பிப் போற வழி. போஸ்ட்ல ஒரு ஜாயின்ட் காத்துல லூஸ் ஆகி அந்த வழி அறுந்துபோச்சுன்னு வைங்க, வீட்டுக்குள்ள போட்டு வச்சிருக்கிற லைட்டு ஃபேன் வழியா ஃபேஸ் வந்து நியூட்ரல் ஒயர்ல நின்னுடும், அதை நீங்க எர்த்தோட சேர்த்து வச்சிருந்தா நேரா கார் பாடிக்கு வந்துடும். டயர் ரப்பர், அதனால தரைக்கு எறங்க வழியில்லை, வண்டி பார்க்க சாதாரணமாத்தான் நிக்கும். ராத்திரி மழை பெஞ்ச கொல்லையில செருப்பில்லாம போய் கார் கதவைத் தொடுறவங்க உடம்பு வழியாத்தான் அது தரைக்கு எறங்கும். அது நீங்களா இருக்கலாம், உங்க பொண்ணா இருக்கலாம். எலக்ட்ரீஷியன் கெட்ட எண்ணத்துல சொல்லல, பல பேர் இப்படி செஞ்சு பழகிட்டாங்க, ஆனா இதை ஒத்துக்கவே கூடாது.

செய்ய வேண்டியது, மீட்டர் போர்டுலேர்ந்து காருக்குன்னு தனி லைன் ஒண்ணு இழுக்கணும். 15 ஆம்ஸ் பிளக்குக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், பின்னாடி 7.2 கிலோவாட் வால் சார்ஜர் போடுற எண்ணம் இருந்தா இப்பவே 6 ஸ்கொயர் எம்எம். திண்ணையிலேர்ந்து ரேழி, முத்தம், அடுப்படி தாண்டி கொல்லைக்கு போறதுக்குள்ள எண்பது தொண்ணூறு அடி ஓடும், ஒயர் சின்னதா இருந்தா வழியிலயே வோல்டேஜ் விழும். லைனுக்கு தனி டிரிப்பர், கூடவே கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்ஸ் ஆர்சிசிபி, நம்ம கடைகள்ல ஈஎல்சிபின்னு கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் குடுப்பாங்க, ஏ டைப்னு சொல்லி வாங்குங்க. எர்த்துக்கு கொல்லையிலயே புதுசா பிட் தோண்டி எட்டு பத்து அடி பைப் எறக்குங்க. நம்ம களிமண்ணு ஈரமா இருக்கிறப்ப எர்த்துக்கு அருமையான மண்ணு, ஆனா சித்திரை வைகாசியில மேட்டூர் தண்ணி வர்றதுக்கு முன்னாடி வயல் வெடிச்சு கெடக்கும் பாருங்க, அப்ப எர்த் பிட்டைச் சுத்தியும் அதே கதிதான். அந்த ரெண்டு மாசமும் வாரத்துக்கு ரெண்டு தடவை பிட்ல ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. வேலை முடிஞ்சதும் எர்த் டெஸ்டர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க, 5 ஓமுக்கு கீழ இருந்தா நல்லது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பல்பைப் போட்டுக் காட்டி, எரியுது அதனால எர்த் இருக்குன்னு சொன்னா ஏத்துக்காதீங்க.

என் வீட்டுல நடந்ததையும் சொல்லிடறேன். கார் வாங்குன முதல் மாசம், தனி லைன் போடறதுக்குள்ள நாலு நாள்தானேன்னு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி வச்சேன். மூணாவது ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பிளாஸ்டிக் கருகுற வாடை. போய் பிளக்கை இழுத்தா வரல, பின்னு உள்ளயே ஒட்டிக்கிச்சு. மெயினை ஆஃப் பண்ணி ஆறவிட்டு பிடுங்கிப் பார்த்தா ஓட்டையைச் சுத்தி பழுப்பா உப்பி, உள்ள பித்தளை தகடு கறுத்துப் போயிருந்துச்சு. ஒரு ஸ்க்ரூ அரைச் சுத்து லூஸ், வேற ஒண்ணுமில்ல. அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும், ஹீட்டர் கால்மணி நேரம் ஓடும், கார் அதே பிளக்லேர்ந்து 13 ஆம்ஸ் கிட்ட எட்டு ஒன்பது மணி நேரம் விடாம இழுக்குது. பக்கத்து ரூம்ல என் பேரப்பிள்ளை தூங்கிட்டிருந்தான், அதை நெனைச்சா இன்னிக்கும் வயித்தைக் கலக்குது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒரு ராத்திரிக்கு கூட வேண்டாம்.

கேள்வி: நான் மன்னார்குடியில டீச்சரா இருக்கேன். ஸ்கூலுக்கு தினம் போக வர 45 கிலோமீட்டர். கார் சார்ஜ் போட்டா ஈபி பில் எகிறிடும்னு வீட்டுல பயப்படுறாங்க. எவ்வளவு ஏறும்?

பதில்: ஏறும் டீச்சர், ஆனா பெட்ரோல் கணக்கைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. மாசம் 22 நாள்னா ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். சின்ன கார்னா சார்ஜ் ஏறுறப்ப வீணாகுறதையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர்னு வைங்க, ரெண்டு மாசத்துக்கு 286 யூனிட் வருது. வீட்டுக்கு இப்ப ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் ஆகுதுன்னா 2024 ஜூலை ரேட்படி 705 ரூபா கட்டுவீங்க. காரோட சேர்த்து 586 யூனிட். இங்கதான் கவனிக்கணும், 500 யூனிட்டைத் தாண்டிட்டா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுறதில்ல, கீழ இருக்கிற யூனிட்டுக்கும் மானியம் குறைஞ்சுடும். முதல் 100 ஃப்ரீ அப்படியே இருக்கும், 101லேர்ந்து 400 வரைக்கும் 4.80, அடுத்த நூறு 6.45, அதுக்கு மேல 600 வரைக்கும் 8.55. கூட்டுனா 2,820 ரூபா கிட்ட வருது. அப்ப காருக்கு மட்டும் 2,115 ரூபா, 2,000 கிலோமீட்டருக்கு. கிலோமீட்டருக்கு ஒரு ரூபா சொச்சம். அதே தூரம் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுக்கிற பெட்ரோல் கார்ல, லிட்டர் 100 ரூபான்னு வச்சாலே 13,300 ஆயிடும். இதை அப்படியே வீட்டுல படிச்சுக் காட்டுங்க.

வீட்டுல ஏசி ஓடி ஏற்கனவே 600, 700 யூனிட் வர்றவங்களுக்கு கார் யூனிட் எல்லாம் 9.65, 10.70 ஸ்லாப்ல போய் விழும், அப்பவும் பெட்ரோலை விட ரொம்பக் கம்மிதான், ஆனா இந்த அளவு மிச்சம் எதிர்பார்க்காதீங்க.

இன்னொண்ணு, சாயங்காலம் வந்த உடனே சொருகாதீங்க. ஆறு மணிலேர்ந்து பத்து மணி வரைக்கும் எல்லா வீட்டுலயும் லோடு, கிராமத்து டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ் எறங்குனா சார்ஜர் விட்டு விட்டு நிக்கும். பதினொரு மணிக்கு மேல டைமர் வச்சுட்டா ஒழுங்கா ஏறும்.

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் விவசாயம். பம்ப்செட்டுக்கு ஃப்ரீ கரண்ட் இருக்கு, மோட்டார் கொட்டகையிலயே காரை நிறுத்தி சார்ஜ் போட்டுக்கலாமா?

பதில்: வேண்டாங்க ஐயா. அந்த சர்வீஸ் பாசனத்துக்குன்னு குடுத்தது. வேற வேலைக்கு எடுத்தா 2003 மின்சாரச் சட்டம் 126வது பிரிவுல வரும், எடுத்த கரண்டுக்கு உரிய ரேட்டைப் போல ரெண்டு மடங்கு போட்டு வசூல் பண்ணலாம். குறுவை தண்ணிக்கு நம்பி இருக்கிற சர்வீஸை காருக்காக சிக்கல்ல விடாதீங்க, வீட்டு கனெக்ஷன்லயே போடுங்க. வீட்டு லோடு பத்தலைன்னா ஈபி ஆபீஸ்ல எழுதிக்குடுத்து கூட்டிக்கலாம்.

கேள்வி: நாகப்பட்டினத்துல கடற்கரையிலேர்ந்து ஒரு கிலோமீட்டர்ல வீடு. உப்புக் காத்து, ஐப்பசி கார்த்திகையில வாசல்ல முழங்கால் தண்ணி நிக்கும். புயல் வந்தா கரண்ட் எப்ப வரும்னே தெரியாது. எங்களுக்கு இந்த கார் சரிவருமா அண்ணே?

பதில்: சரிவரும்மா, ஆனா கடலை விட்டுத் தள்ளி இருக்கிறவங்களை விட ரெண்டு மடங்கு கவனம் வேணும்.

பேட்டரிக்கு பெரும்பாலும் ஐபி 67 தரம் இருக்கும், ஒரு மீட்டர் ஆழத்துல அரைமணி நேரம் தண்ணி உள்ள போகாதுன்னு சோதிச்சது. அதுக்காக வெள்ளத்துல ஓட்டலாம்னு எடுத்துக்காதீங்க. எனக்கு பயமெல்லாம் பிளக் பாயின்ட்டை நெனைச்சுதான். அதை தரையிலேர்ந்து நாலு அடிக்கு மேல, சன்ஷேடுக்கு அடியில, காத்து நேரா அடிக்காத சுவத்துல, மூடி போட்ட வெதர்ப்ரூஃப் பாக்ஸுக்குள்ள வைங்க. சார்ஜர் பெட்டி தரையில கெடக்கக் கூடாது, ஆணியடிச்சு மாட்டிடுங்க. உப்புக் காத்துல பித்தளை பின்ல பச்சைக் களிம்பு பிடிக்கும், களிம்பு பிடிச்ச எடத்துல சூடு ஏறும், அதனால மாசம் ஒரு தடவை டிரிப்பரை ஆஃப் பண்ணிட்டு பின்னைப் பாருங்க. சார்ஜ் ஏறுறப்ப பிளக்கை தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்பு பரவாயில்ல, கை வைக்க முடியாத சூடுன்னா நிறுத்திட்டு பிளக்கை மாத்திடுங்க. இரும்பு எர்த் பைப் உங்க மண்ணுல சீக்கிரம் அரிச்சுடும், காப்பர் பூசுன ராடு போடுங்க, வருஷம் ஒரு தடவை ஐப்பசிக்கு முன்னாடி அளந்துடுங்க.

புயலுக்கு வர்றேன். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா உங்க நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுனப்ப எத்தனை ஊர்ல வாரக்கணக்குல இருட்டு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எச்சரிக்கை வந்த அன்னிக்கே ஃபுல் சார்ஜ் போடுங்க, போட்டுட்டு பிளக்கை பிடுங்கி டிரிப்பரை எறக்கிடுங்க, வண்டியை மேடான எடத்துல, மரத்தடி இல்லாத எடத்துல நிறுத்துங்க. சில கார்கள்ல வீ டூ எல் வசதி இருக்கு, இப்ப வர்ற நெக்ஸான் ஈவியில இருக்கு, கார் பேட்டரியிலேர்ந்தே நேரா வீட்டுச் சாமானை ஓட்டிக்கலாம். நாலு லைட்டு, ரெண்டு ஃபேன், போன் சார்ஜ்னு ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட் போதும், அதுல ஒரு வாரம் தாராளமா தாங்கும். ஆனா சாமானை அந்த கார் அடாப்டர்லயே நேரா சொருகணும். ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயரை வீட்டு பாயின்ட்ல சொருகி வீடு முழுக்க கரண்ட் விடலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, கரண்ட் வெளிய லைனுக்குப் போய் போஸ்ட்ல ஏறி வேலை பாக்குற லைன்மேன் உயிரை எடுத்துடும்.

கார் தரை வரைக்கும் தண்ணி ஏறிட்டா ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க, சார்ஜும் போடாதீங்க, வண்டியை ஏத்தி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்க.

கேள்வி: மயிலாடுதுறையில வாடகை வீடு. ஓனர் சார்ஜ் போட ஒத்துக்க மாட்டேங்கிறார். அப்புறம் தினமும் 100 சதவீதம் ஏத்தினா பேட்டரி கெட்டுடுமா?

பதில்: ஓனர் பயம் பில்லு பத்தியும் ஒயர் பத்தியும்தான் இருக்கும். கார் லைன்ல ஒரு சப்மீட்டர் மாட்டி மாசாமாசம் ரீடிங் எழுதி பணம் குடுக்கிறேன்னு சொல்லுங்க, 500 யூனிட் தாண்டுறதால ஏறுற வித்தியாசத்தையும் நீங்களே ஏத்துக்கங்க, தனி லைன் செலவும் உங்களுதுன்னு சொல்லிட்டா பெரும்பாலும் எறங்கி வருவாங்க. வீட்டு கனெக்ஷன்லயே கார் சார்ஜ் போடலாம்னு மத்திய மின்துறை வழிகாட்டுதல்லயே இருக்கு, அதையும் பதமா எடுத்துச் சொல்லுங்க.

கார் பேட்டரியில ரெண்டு வகை அதிகம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைன்னா, டியாகோ ஈவி மாதிரி, வாரம் ஒரு தடவை 100 வரைக்கும் ஏத்துறது நல்லது, அப்பதான் மீட்டர் காட்டுற சதவீதம் சரியா இருக்கும். என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) வகைன்னா தினசரிக்கு 80ல நிறுத்திட்டு தூரப் பயணத்துக்கு மட்டும் ஃபுல் ஏத்துங்க. எதுவா இருந்தாலும் ஃபுல் பண்ணிட்டு சித்திரை வெயில்ல நாள் கணக்கா நிறுத்தி வைக்காதீங்க.

கேள்வி: திருவையாறு. மாடியில சோலார் போட்டு அதுல கார் ஓட்டலாமா?

பதில்: நல்லா ஓட்டலாம். 3 கிலோவாட் போட்டா ஒரு நாளைக்கு சராசரியா 12 யூனிட் வரும், மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுற காருக்கு தினம் 5 யூனிட் இருந்தா போதும். 2024ல வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம். பகல்ல கார் வெளிய போயிடுதேன்னு கவலை வேண்டாம், மிஞ்சி வெளிய லைனுக்குப் போற யூனிட்டை பில்லுல கழிச்சுக்கிற நெட் மீட்டர்ல கணக்கு வந்துடும். ஆனா ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் மாடி ஏறிப் பாருங்க, பக்கத்துக் கொல்லை தென்னை மரத்து நிழல் எங்க விழுதுன்னு. ஒரு மட்டை நிழல் ரெண்டு பேனல்ல விழுந்தாலே அந்த வரிசை முழுக்க எறங்கிடும். நிழல் விழாத மூலையைச் சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சுட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க.