உட்கட்சித் தேர்தல்: முறைகேடு எங்கே நடக்கும், எப்படிப் பிடிப்பது?

கேள்வி: எங்கள் கட்சியில் தலைமைப் பதவிக்குத் தேர்தல் அறிவித்திருக்கிறார்கள். இப்போதைய தலைவரே மறுபடியும் நிற்கிறார். தேர்தல் அதிகாரியை நியமித்ததும் அவர்தான். வாக்காளர் பட்டியல் கேட்டால், "ஆபீசுக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள், நகல் தர முடியாது" என்கிறார்கள். நான் எதிர் வேட்பாளர் பக்கம். தேர்தல் நியாயமாக நடக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது? தவறு நடந்தால் யாரிடம் போவது?

பதில்: வாக்குப்பதிவு அன்று பெட்டியைக் காவல் காப்பதைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். நீங்கள் அதிகாரியையும் பட்டியலையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கவனம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. உட்கட்சித் தேர்தலில் பெட்டி வரும் முன்பே பாதி முடிவாகிவிடும்.

முதல் வேலை, கட்சியின் சட்டதிட்ட விதிகளைக் கையில் வாங்குவது. கடைசித் திருத்தம் வரை சேர்ந்த பிரதியாக இருக்க வேண்டும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு புகார் எழுதி, "அந்த விதி போன பொதுக்குழுவிலேயே மாறிவிட்டது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். யாருக்கு வாக்குரிமை, எந்தத் தேதி வரை சேர்ந்தவர்களுக்கு, வேட்புமனுவுக்கு எத்தனை பேர் முன்மொழிய வேண்டும், தேர்தல் அதிகாரியை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். "செயற்குழு தீர்மானிக்கும் வகையில்" என்று முடிகிற விதிகளுக்கு அடிக்கோடு இடுங்கள். உங்களுக்குப் பாதகமான முடிவுகள் அந்த வாசல் வழியாகத்தான் வரும்.

2016ல் பிரிட்டனின் தொழிற்கட்சியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். தலைவர் தேர்தலில் ஜனவரி 12க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு வாக்கில்லை என்று தேசியச் செயற்குழு அறிவித்தது. சுமார் 1,30,000 புதிய உறுப்பினர்கள் வெளியே நின்றார்கள். சிலர் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், அதே வாரம் மேல்முறையீட்டில் தோற்றார்கள். தகுதித் தேதி வைக்கும் அதிகாரத்தை விதிப்புத்தகமே செயற்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அந்த முடிவு நியாயமா என்பது தனிக் கேள்வி. விதி அனுமதித்தால் நீதிமன்றம் அதற்குள் அவ்வளவாகப் போகாது.

பட்டியல்

நகல் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. தனிப்பட்ட விவரங்களைத் தர முடியாது என்று சொன்னால், தொலைபேசி எண்ணும் முகவரியும் இல்லாமல், பெயர், உறுப்பினர் எண், கிளை, சேர்ந்த தேதி மட்டும் உள்ள பட்டியலைக் கேளுங்கள். அதையும் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைப்பது கடினம். வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே வடிவத்தில் தர வேண்டும் என்பதையும் மனுவிலேயே சேருங்கள். தலைவரின் ஆட்களிடம் முழுப் பட்டியல் கணினிக் கோப்பாகவும் உங்களிடம் மங்கலான நகல் கட்டாகவும் இருந்தால், பட்டியல் கொடுத்ததாகவே அர்த்தமில்லை.

கைக்கு வந்ததும் சேர்ந்த தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். தகுதித் தேதிக்கு முந்தைய ஓரிரு நாளில் ஒரே கிளையில் உறுப்பினர் எண்ணிக்கை எகிறியிருக்கிறதா? 2018ல் மலேசியாவின் மக்கள் நீதிக் கட்சியில், ஜூலாவ் கிளையில் சில நூறாக இருந்த எண்ணிக்கை ஒரே நாளில் பத்தாயிரத்தைத் தாண்டியது பெரிய சர்ச்சையானது. இப்படி ஒரு தாவல் கண்ணில் பட்டால் உடனே மோசடி என்று எழுதிவிடாதீர்கள். உண்மையான சேர்க்கை முகாமாகவும் இருக்கலாம். அந்தக் கிளையின் விண்ணப்பப் படிவங்களையும் சந்தா கட்டிய ரசீதுகளையும் காட்டச் சொல்லுங்கள். நூறு பேரின் சந்தாவை ஒரே ஆள் ஒரே நேரத்தில் கட்டியிருந்தால் ரசீதே பேசும். பிறகு பட்டியலிலிருந்து முப்பது நாற்பது பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து நேரில் பாருங்கள். இறந்தவர், ஊரை விட்டுப் போனவர், தான் உறுப்பினர் என்பதே தெரியாதவர் என்று எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை எண்ணிக்கையாக எழுதுங்கள்.

நீக்கப்பட்டவர்களையும் தேடுங்கள். போலிப் பெயர் சேர்ப்பதைவிட, எதிரணிக் கிளையைச் சந்தா பாக்கி என்று சொல்லி ஓரங்கட்டுவது சுலபம். வெளியே தெரிவதும் குறைவு.

நேரடி வாக்கு இல்லாமல் பிரதிநிதிகள் வாக்களிக்கும் முறை என்றால், இந்த வேலை முழுவதையும் கிளைக் கூட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கூட்ட அறிவிப்பு எத்தனை நாள் முன்பு போனது, குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு) நிறைந்ததா, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் ஒரே கைபோல இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 2012 ஜூனில் நடத்திய மாநாட்டை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் செல்லாது என்றது. வழக்கின் மையம், பிரதிநிதிகளை அனுப்பிய கிளைக் கூட்டங்களில் நடந்த முறைகேடுகள்தான்.

வேட்புமனுத் தகுதி

யார் முன்மொழிகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 2022ல் இந்திய தேசிய காங்கிரஸ் தலைவர் தேர்தலில் 10 பிரதிநிதிகள் முன்மொழிந்தால் போதும்; வாக்குரிமை இருந்த பிரதிநிதிகள் 9,000க்கும் மேல். அதே ஆண்டு அ.இ.அ.தி.மு.க. கொண்டுவந்த விதியில், பொதுச் செயலாளர் பதவிக்கு 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிந்து 10 பேர் வழிமொழிய வேண்டும். அந்தக் கட்சியில் மாவட்டச் செயலாளர்கள் மொத்தமே நூற்றுக்கும் குறைவு. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். இரண்டிலும் எண் பத்துதான். எந்தத் தட்டிலிருந்து அந்தப் பத்துப் பேர் வர வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் தலைமையால் நியமிக்கப்பட்டவர்களாக இருந்தால், எதிர்த்து நிற்பவருக்காகப் பேனாவை எடுப்பவர் தன் பதவியையும் பணயம் வைக்கிறார். உங்கள் கட்சி விதி இப்படி இருந்தால், கூடுதலாக நாலைந்து கையெழுத்து வாங்கி வையுங்கள். மனுப் பரிசீலனைக்கு முந்தைய இரவு ஒருவர் "நான் போடவில்லை" என்று பின்வாங்குவது பழைய உத்தி.

பதவியில் இருப்பவர் போட்டியிட்டால்

அவர் போட்டியிடக் கூடாது என்று பெரும்பாலான விதிகள் சொல்வதில்லை. ஆனால் நடுவரையும் அவரே நியமிப்பதைக் கேள்வி கேட்கலாம். ஜெர்மனியின் 1967ஆம் ஆண்டுக் கட்சிகள் சட்டம், உள்தகராறுகளைத் தீர்க்கக் கட்சிக்குள் நடுவர் மன்றத்தைக் கட்டாயமாக்குகிறது. அதன் உறுப்பினர்கள் கட்சி நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது. கட்சியிடம் சம்பளம் வாங்கக் கூடாது. நிர்வாகிகள் தேர்தல் ரகசிய வாக்காக இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் நாட்டில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் கோரிக்கைக்கு இது நல்ல முன்மாதிரி. அதிகாரியை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார்கள். அவரோடு சேர்ந்து முடிவெடுக்க, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் இருவரை நியமிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சில சமயம் இறங்கி வருவார்கள்.

கட்சி அலுவலகம், ஊழியர்கள், வாகனம், அதிகாரபூர்வச் சமூக ஊடகக் கணக்குகள் யாருக்கு உழைக்கின்றன என்பது அடுத்தது. மேலே சொன்ன காங்கிரஸ் தேர்தலில், மாநிலத் தலைவர்கள், செய்தித் தொடர்பாளர்கள் போன்ற பொறுப்பாளர்கள் பதவியை விட்டு விலகாமல் யாருக்கும் பிரசாரம் செய்யக் கூடாது என்று தேர்தல் குழு உத்தரவிட்டது. போட்டியிட்ட இருவரில் ஒருவரான மல்லிகார்ஜுன கார்கேவுக்குப் பிரசாரம் செய்யச் செய்தித் தொடர்பாளர்கள் மூவர் ராஜினாமா செய்தார்கள். ஆனாலும் சில மாநிலத் தலைவர்கள் கார்கேவை வரவேற்கிறார்கள், தன்னைப் பார்க்க வருவதில்லை என்று எதிர் வேட்பாளர் சசி தரூர் குறைபட்டார். எழுதப்பட்ட விதி அவ்வளவு தூரம்தான் போகும்.

அதே தேர்தலில் இன்னொரு சின்ன விஷயம். வாக்குச்சீட்டில், விருப்பமான பெயருக்கு எதிரே "1" என்று எழுதும்படி முதலில் அறிவித்தார்கள். சீட்டில் கார்கேவின் வரிசை எண்ணும் 1. குழப்பம் வரும் என்று தரூர் தரப்பு எழுதிக் கொடுத்ததும், டிக் அடித்தால் போதும் என்று மாற்றினார்கள். மாதிரிச் சீட்டை முன்கூட்டியே கேட்டு வாங்குவது இதற்குத்தான். எண்ணும்போது எல்லா மாநிலச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்தார்கள். எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று பிறகு யாரும் கணக்குத் தீர்க்க முடியாது. உங்கள் கட்சியில் கிளைவாரியாக எண்ணுகிறார்கள் என்றால், இதே முறையைக் கேளுங்கள்.

வாக்குப்பதிவு நாள் கணக்கு

வாக்குச்சாவடியில் உட்காரும் உங்கள் முகவர் கையில் ஒரு தாள் போதும். 450 சீட்டுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தது 287, பழுதாகித் திரும்பி வந்தது 4, மீதி 159. கூட்டினால் 450 வர வேண்டும். பட்டியலில் கையெழுத்து 287 இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் செல்லுபவை, செல்லாதவை சேர்த்து 287. பெட்டியில் ஒன்றிரண்டு குறைந்தால், யாரோ சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். கூடினால் விஷயம் வேறு. அந்த இடத்திலேயே எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். காலிப் பெட்டியைக் காட்டிய நேரம், சீல் எண், பெட்டி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் ஆகியவற்றையும் அதே தாளில் குறித்து அதிகாரியின் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால், மறுத்ததை எழுதுங்கள்.

முடிவு வந்த பிறகும் சீட்டுகளை அழிக்கக் கூடாது என்று முன்பே எழுத்தில் கேட்டு வைப்பது அவசியம். 2017ல் கனடாவின் கன்சர்வேட்டிவ் கட்சியில் 1,41,362 வாக்குகள் எண்ணப்பட்டதாக அறிவித்தார்கள். வாக்களித்தவர்கள் என்று வேட்பாளர்களுக்குத் தந்த பட்டியலில் இருந்தது 1,33,896 பெயர். பட்டியலில் ஏற்றாமல் விட்ட மனிதத் தவறு என்றது கட்சி. சீட்டுகளை ஏற்கெனவே அழித்துவிட்டதால், மறுபடி எண்ணிச் சந்தேகத்தைத் தீர்க்க வழியில்லை.

இணையவழி வாக்கு என்றால், ஓடிபி போகும் எண்கள் யார் பதிவு செய்தவை என்று கேளுங்கள். ஒரே கைபேசி எண்ணில் எத்தனை உறுப்பினர்கள் பதிவாகியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் தரச் சொன்னால் போதும். நாற்பது பேருக்கு ஒரே எண் என்றால், அந்த நாற்பது வாக்கும் கைபேசி வைத்திருப்பவருடையவை. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி 2022 தேர்தலில், போட்ட வாக்கைப் பிறகு இணையத்தில் மாற்றிக்கொள்ளும் வசதியை அறிவித்து, அரசின் இணையப் பாதுகாப்பு மையம் எச்சரித்ததும் அதைக் கைவிட்டது. சீட்டுகள் போய்ச் சேரவும் தாமதமானது.

புகார்

ஒவ்வொரு புகாரிலும் விதி எண், தேதி, இடம், என்ன நடந்தது, எத்தனை வாக்கைப் பாதிக்கிறது, என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் ஆகியவை இருக்கட்டும். வாக்கு எண்ணிக்கையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 40 வாக்கில் முறைகேடு, வெற்றி வித்தியாசம் 900 என்றால் மறுதேர்தல் கேட்டுப் பயனில்லை. அந்தக் கிளையின் வாக்கை ஒதுக்கும்படி கேளுங்கள். பட்டியல் பற்றிய புகாரைத் தோற்ற பிறகு கொடுத்தால், "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

கட்சியின் உள் மேல்முறையீட்டை முடிக்காமல் நீதிமன்றம் போனால், பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் தேர்தல் ஆணையத்திடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி கட்சியைப் பதிவு செய்வது ஆணையம்தான். ஆனால் தன் விதிகளை மீறியதற்காக ஒரு கட்சியின் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002ல் சொல்லிவிட்டது. கட்சி இரண்டாகப் பிளந்து சின்னத்துக்கு உரிமை கோரினால் 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணைப்படி ஆணையம் விசாரிக்கும். அதற்குக் குறைந்த தகராறுகளுக்கு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

ஊடகத்திடம் எப்போது பேசுவது என்பதையும் யோசித்து வையுங்கள். பல கட்சிகளின் விதிகளில், உள்விவகாரத்தை வெளியே பேசுவது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது. அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கிவிட்டால், உங்கள் புகாரை விசாரிக்காமல் விடுவதற்கு அதையே காரணமாகக் காட்டுவார்கள். புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டை கைக்கு வந்து, பதில் சொல்லும் கெடுவும் கடந்த பிறகு பேசுங்கள்.