விலை குறைந்த ரிமோட் படகு: வாசகர் கேள்விகள்

பத்து வயதுப் பையனுக்கு இரண்டாயிரம் ரூபாய் சுமாரில் ரிமோட் படகு வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகி, மதுரை

பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். படகைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். இரண்டு சின்ன புரொப்பல்லர் இருந்து சுக்கான் இல்லாவிட்டால், அது இரட்டை மோட்டார் வகை. இடது மோட்டார் நின்று வலது மட்டும் ஓடினால் இடப்பக்கம் திரும்பும். நின்ற இடத்திலேயே சுற்றும், பின்னாலும் வரும். பையனுக்கு இதுதான் சரி.

ஒரே புரொப்பல்லரும் அதன் பின்னால் சுக்கானும் இருந்தால் வேக வகை, பெரும்பாலும் 7.4 வோல்ட் பேட்டரி. விலையும் கூட, திருப்ப இடமும் அதிகம் வேண்டும். கரை நெருங்கும்போது பயந்து ட்ரிகரை (ரிமோட்டில் வேகம் கொடுக்கும் விசை) முழுக்க விட்டுவிட்டால் இது திரும்பாது, நேரே போய் மோதும். புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் திருப்பம் கிடைக்கும் என்பதால், விசையைக் குறைத்துத் திருப்பப் பழக வேண்டும்.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றிருக்கட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வகையில் ஒரே குளத்தில் இரண்டு பேர் விட்டால் ஒருவர் ரிமோட்டுக்கு இன்னொருவர் படகு ஆடும். ஒரு சார்ஜுக்கு பத்து நிமிடம் ஓடினாலே பெரிது. கூடுதலாக ஒரு பேட்டரி சேர்த்து வாங்குங்கள்.

புதுப் படகு. வீட்டுத் தரையில் வைத்துப் பார்த்தால் மோட்டார் சுற்றவே இல்லை. பழுதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பழுதாக இருக்காது. அடிப்பாகத்தில் திருகுத் தலை மாதிரி இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் தண்ணீரில் நனைந்தால்தான் மோட்டார் ஓடும். குழந்தைகள் விரலை விட்டுவிடாமல் இருக்க வைத்த ஏற்பாடு. ஈர விரல்களால் இரண்டையும் ஒருசேரத் தொட்டுக்கொண்டு ட்ரிகரை லேசாக அழுத்துங்கள், சுற்றும். இரண்டு மூன்று விநாடி போதும். தண்ணீரால் குளிரும் மோட்டாரைத் தரையில் ஓடவிட்டால் சூடேறிக் கெடும்.

மூடியை இறுக்கித்தான் போடுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் உள்ளே தண்ணீர் நிற்கிறது. எங்கிருந்து வருகிறது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

எல்லோரும் மூடியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பாதிக்கு மேல் ஷாஃப்ட், அதாவது மோட்டாரையும் புரொப்பல்லரையும் இணைக்கும் கம்பி, வழியாகத்தான் வரும். கண்டுபிடிக்க ஒரு வழி: காய்ந்த டிஷ்யூ பேப்பரை மூன்று துண்டாக்கி, மூடியின் விளிம்புக்குக் கீழே ஒன்று, ஷாஃப்ட் குழாய் மோட்டார் பக்கம் முடியும் இடத்தில் ஒன்று, சுக்கான் கம்பி வெளியேறும் துளையருகே ஒன்று ஒட்டி வையுங்கள். மூன்று நிமிடம் ஓட்டிவிட்டுத் திறங்கள். நனைந்த துண்டு சொல்லிவிடும்.

குழாய்தான் என்றால், அதற்குள் கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே தண்ணீரைத் தடுப்பது கிரீஸ் மட்டுமே. மோட்டாரோடு சேரும் இணைப்பின் சின்னத் திருகைத் தளர்த்தி, ஷாஃப்டைப் பின்பக்கமாக உருவுங்கள். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸை நீளம் முழுக்கத் தடவி, சுற்றிச் சுற்றிச் செருகுங்கள். வாசலின் வேண்டாம், சூட்டில் இளகி ஓடிவிடும். ஷாஃப்ட் கழற்ற வராத பொம்மைப் படகில், ஊசி இல்லாத சிரிஞ்சால் புரொப்பல்லர் பக்கமிருந்து கிரீஸை ஏற்றலாம். சுக்கான் துளை என்றால் அங்குள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கும். மூடி என்றால் ரப்பரில் முடியோ மணலோ சிக்கியிருக்கிறதா பார்த்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கவிழ்ந்தால் தானே நிமிரும் சில படகுகளில், ஒரு பக்கம் வேண்டுமென்றே ஓட்டை வைத்திருப்பார்கள். கவிழ்ந்ததும் அந்த அறைக்குள் தண்ணீர் ஏறி, அந்த எடைதான் படகைப் புரட்டி நிமிர்த்துகிறது. ஓட்டை என்று எம்-சீல் போட்டு அடைத்தால் அப்புறம் கவிழ்ந்தது கவிழ்ந்ததுதான். வேறு வெற்றிடங்களில் தெர்மாகோல் துண்டுகளைத் திணித்து வைத்தால், தண்ணீர் நிரம்பினாலும் முழுகாது.

வேகம் பிடித்ததும் மூக்கு மேலும் கீழும் குதிக்கிறது.
– ஒரு வாசகர், ஈரோடு

பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் பாருங்கள். மூக்கு தண்ணீருக்குள் குத்தினால் பின்னால்.

ஏரி நடுவே நின்றுவிட்டால் எப்படி எடுப்பது?
– ஒரு வாசகர், காஞ்சிபுரம்

இறங்கி எடுக்கக் கூடாது. சேறும் ஆழமும் கண்ணுக்குத் தெரியாது. மீன்பிடி நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி விழும்படி எறிந்து, நரம்பு படகின் மேல் படிய மெல்ல இழுங்கள். முதலிலேயே காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் கரையில் நின்று ஓட்டினால், பேட்டரி தீர்ந்தாலும் படகு உங்கள் பக்கமே ஒதுங்கும். ஆகாயத்தாமரை இருக்கும் ஏரியை விட்டுவிடுங்கள். வேர் புரொப்பல்லரில் சுற்றியபின் ட்ரிகரை அழுத்த அழுத்த மோட்டார்தான் கருகும்.

ரிமோட் படகை முதலில் செய்தது யார்?
– ஒரு மாணவி, திருச்சி

நிகோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொட்டித் தண்ணீரில் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது.

லித்தியம் பேட்டரி ஒரு மாதத்தில் படுத்துவிட்டது. ஏன்?
– ஒரு வாசகர், சேலம்

அடிமட்டம் வரை ஓட்டியிருப்பீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் 3 வோல்டுக்குக் கீழே இறங்கினால் மீள்வது கஷ்டம். படகின் வேகம் குறைந்ததுமே கரைக்குக் கொண்டுவந்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். செருகியே விட்டால் சுவிட்ச் அணைத்திருந்தாலும் சில படகுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சூடு ஆறியபின் சார்ஜ் போடுங்கள். வாரக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், நிறைய ஏற்றி வைக்க வேண்டாம். உப்பியதைத் திரும்பச் சார்ஜ் போடாதீர்கள்.