சில நகைகள் மட்டும் ஏன் எந்தக் காலத்திலும் பழசாகத் தெரிவதில்லை?

வடிவம் எளிமையாக இருந்து, தலைமுறை மாறினாலும் போட்டுக்கொள்ளத் தயக்கம் வராத நகையைத்தான் காலம் கடந்த நகை என்கிறோம். கல் பதிக்காத மோதிரம், முத்துமாலை, முத்திரை மோதிரம் எல்லாம் அந்த வகை.

அழகு பாதிக் காரணம்தான். மீதி, அவை ஒரு காலத்தில் செய்த வேலை. முத்திரை மோதிரத்தையே பாருங்கள். பழைய எகிப்திலேயே அது அதிகாரத்தின் அடையாளம். பிற்காலத்தில் ஐரோப்பாவில் உருக்கிய மெழுகில் அழுத்தினால் கடிதம் செல்லுபடியாகும். இன்றைய கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் ஒரே விரலில் இருந்த மாதிரி. வேலை போய்விட்டது, மதிப்பு மட்டும் தங்கிவிட்டது.

முத்து வேறு கதை. பட்டை தீட்டாமலே சிப்பிக்குள்ளிருந்து முழுமையாக வருவதால் தூய்மைக்கு அடையாளமானது. 1893-இல் ஜப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டிய பிறகுதான், பின்னாளில் அது பலருக்கும் எட்டியது. மோதிர வட்டத்துக்கு விளக்கமே வேண்டாம்: தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

வைரம் உறுதியின் சின்னம் என்பதால் உடையாது என்று பலர் நினைக்கிறார்கள். கீறல் விழுவதுதான் அரிது, சுத்தியலால் ஓங்கி அடித்தால் வைரமும் சிதறும்.