வேடம் கலைந்த பிறகும்: ஐரோப்பிய இலக்கியக் காதல்கள் பற்றிக் கேள்வி பதில்

ஆணாக வேடமிட்ட பெண்கள், பெண்ணாக நம்பப்பட்ட ஆண்கள், அவர்களைச் சுற்றி முளைக்கும் காதல்கள். ஐரோப்பியச் செவ்விலக்கியத்தில் இந்தக் கதைகளைப் பற்றி நம் வாசகர் வட்டத்தில் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கே: மேடம், நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகம் எங்களுக்குப் பாடம். கடைசியில் வேடம் கலைகிறது, கல்யாணம் நடக்கிறது, ஒழுங்கு திரும்புகிறது என்று கைடில் போட்டிருக்கிறது. அப்படியே எழுதலாமா?

எழுதாதீர்கள். கடைசிக் காட்சியை இன்னொரு முறை படியுங்கள். மற்றவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். கப்பல் உடைந்து இல்லிரியாவில் கரையேறும் வயோலா, செசாரியோ என்ற பெயரில் ஆண் உடையில் ஓர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவளுக்கு ஓர்சினோ மேல் காதல். ஓர்சினோவுக்கு ஒலிவியா மேல். ஒலிவியாவுக்கோ தூது வந்த 'பையன்' மேல். வயோலாவின் இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் வந்து சேர்ந்ததும் முடிச்சு அவிழ்கிறது என்பார்கள்.

உண்மையில் எவ்வளவு அவிழ்கிறது என்று பாருங்கள். வயோலாவின் பெண் உடைகள் ஒரு கப்பல் தலைவனிடம் இருக்கின்றன. அவன், ஒலிவியாவின் வீட்டு நிர்வாகி மல்வோலியோ தொடுத்த வழக்கில் சிறையில் கிடக்கிறான். மல்வோலியோ, எல்லாரையும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டுக் கோபமாகப் போய்விடுகிறான். ஆக, திரை விழும்வரை வயோலா ஆண் உடையில்தான் நிற்கிறாள். ஓர்சினோ அவளைச் 'செசாரியோ' என்றே கூப்பிட்டு உள்ளே அழைக்கிறான். ஒரு பெண் உடையை மேடைக்குக் கொண்டுவருவது ஷேக்ஸ்பியருக்குக் கஷ்டமான காரியம் அல்ல. தன் இன்னொரு நாடகமான 'ஆஸ் யூ லைக் இட்' முடிவில், அதுவரை ஆண் வேடத்தில் இருந்த ரோசலிண்டைப் பெண்ணாகவே கொண்டுவந்து நிறுத்தியவர்தான் அவர். இங்கே தெரிந்தேதான் விட்டிருக்கிறார்.

அதே காட்சியில் இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒலிவியாவின் மனம் செசாரியோ மேல் என்று தெரிந்த ஆத்திரத்தில், நான் நேசிக்கும் இந்த ஆட்டுக்குட்டியைப் பலி கொடுப்பேன் என்கிறான் ஓர்சினோ. அந்த நிமிடம் எதிரில் நிற்பவன் ஆண் என்றே அவன் நம்புகிறான். நேசம் முதலில் வந்துவிட்டது. அவள் பெண் என்ற செய்தி பின்னால்தான் வருகிறது. இந்த இரண்டையும் வைத்தே ஒரு நல்ல கட்டுரை எழுதிவிடலாம்.

கே: ஒலிவியா ஒரு பெண்ணைக் காதலிப்பதை அந்தக் காலத்து ரசிகர்கள் வெறும் நகைச்சுவையாகத்தானே பார்த்திருப்பார்கள்?

சிரித்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவள் எந்த இடத்தில் மனம் மாறுகிறாள் என்று கவனியுங்கள். முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சி. எஜமானர் மனப்பாடம் செய்யச் சொன்ன புகழுரையை வயோலா ஒதுக்கிவைக்கிறாள். நானாக இருந்தால் உன் வாசலில் ஒரு குடிசை போட்டு உட்கார்ந்து, நடுராத்திரியில் காதல் பாட்டுப் பாடி, மலையெல்லாம் எதிரொலிக்க உன் பெயரைக் கூவுவேன் என்று சொந்தமாகப் பேச ஆரம்பிக்கிறாள். அதுவரை வெடுக்வெடுக்கென்று பதில் சொன்ன ஒலிவியா, நீ நிறையவே சாதிப்பாய் என்று சொல்லி நிறுத்தி, அடுத்த மூச்சில் உன் குலம் என்ன என்று கேட்கிறாள். விழுந்துவிட்டாள்! ஓர்சினோவின் பாணியில் வந்த காதல் மொழி எதுவும் அவளை அசைக்கவில்லை. பெண்ணுக்கு என்ன கேட்கப் பிடிக்கும் என்று தெரிந்த ஒருத்தி பேசியதும் அசைந்துவிட்டாள்.

இந்த நூல்களில் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது இதுதான். பாவாடையில் பேச முடியாததை ஆண் உடை பேசவிடுகிறது.

கே: பெண் வேடங்களைச் சிறுவர்கள்தானே நடித்தார்கள்? பார்வையாளர்கள் அதை மறந்துவிடுவார்களா?

மறக்க விடவில்லை. இங்கிலாந்தின் பொது மேடைகளில் நடிகைகள் முறையாக நடிக்க வந்தது 1660-ல்தான். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அதற்கு வெகு முன்பே பெண்கள் நடித்தார்கள். ஆகவே 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஒரு பையன் ரோசலிண்டாக நடிக்கிறான். ரோசலிண்ட் கானிமீட் என்ற இளைஞனாக வேடம் போடுகிறாள். அந்த இளைஞன், என்னையே ரோசலிண்டாக நினைத்துக் காதல் பேசு என்று ரோசலிண்டின் காதலன் ஆர்லாண்டோவிடம் சொல்கிறான். பையன், பெண், பையன், பெண் என்று நாலு அடுக்கு. கடைசியில் ரோசலிண்ட் மேடை முன்னால் வந்து, நான் ஒரு பெண்ணாக இருந்தால் உங்களில் எனக்குப் பிடித்த தாடி வைத்தவர்களை எல்லாம் முத்தமிட்டிருப்பேன் என்கிறாள். எல்லா அடுக்கும் ஒரே வரியில் உரிந்துவிடுகிறது.

சென்னை நாடகக் குழுவான சுகுண விலாச சபையின் நாட்களில் நம் ஊரிலும் ஆண்கள்தான் நாயகிகள். பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்குத் தழுவியதும் அத்தகைய மேடையில்தான்.

கே: ஏன் எப்போதும் பெண்ணே ஆண் வேடம் போடுகிறாள்? மறுபக்கம் கிடையாதா?

உண்டு. போருக்கு அனுப்பாமல் காக்க ஸ்கைரோஸ் தீவில் பெண்களோடு பெண்ணாக ஒளித்து வைக்கப்பட்ட அகிலீஸ் இருக்கிறான். ஆனால் எண்ணிக்கையில் பெண்கள்தான் அதிகம். காதல், சாகசம் என்று நாம் பார்க்கும் இடத்தில் பல தடவை நிற்பது சொத்துப் பிரச்சினை.

13-ஆம் நூற்றாண்டுப் பழைய பிரெஞ்சுக் காவியம் ஒன்று உண்டு: 'சிலன்ஸ்'. பெண்களுக்குச் சொத்து கிடையாது என்று அரசன் எபான் சட்டம் போட்டுவிட, ஒரு பிரபு தம்பதி தங்கள் மகளை மகனாக வளர்க்கிறார்கள். அவள் பாணர்களோடு ஊர் சுற்றி இசை கற்று, பிறகு வீரனாகப் பெயர் எடுக்கிறாள். ராணியே அந்த 'வீரன்' மேல் ஆசைப்பட்டு, மறுத்ததும் பழி போடுகிறாள். நடுவில் இயற்கையும் வளர்ப்பும் இரண்டு பாத்திரங்களாக வந்து, இவள் எனக்குச் சொந்தம் என்று சண்டை பிடிக்கின்றன. முடிவில் இயற்கை ஜெயித்து, மூன்று நாள் உட்கார்ந்து அவள் உடம்பில் பதிந்த ஆண்மையைத் துடைத்து எடுக்கிறது. அரசன் அவளையே மணக்கிறான். இவ்வளவு வருஷம் ஆணாக வாழ்ந்தவளை மூன்று நாளில் பெண்ணாக்கும் அந்த அவசரம் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. இதன் ஒரே கைப்பிரதி 1911-ல் நாட்டிங்ஹாம் அருகே வொல்லாட்டன் மாளிகையில் கிடைத்தது. பழைய காகிதம், மதிப்பில்லை என்று எழுதி வைத்த பெட்டிக்குள்!

கே: ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் ஆணுக்கு எழுதப்பட்டவையா?

1609 பதிப்பில் உள்ள 154 கவிதைகளில் முதல் 126 பெரும்பாலும் ஓர் இளைஞனை நோக்கியவை என்றே வாசிக்கப்படுகின்றன. 20-ஆம் சானெட்டைப் படியுங்கள். 1640-ல் மறுபதிப்பு போட்ட ஜான் பென்சன், சில இடங்களில் ஆணைப் பெண்ணாக மாற்றிவிட்டார்.

கே: அக்கா, பால்சாக்கின் 'சாராசின்' படித்தேன். சம்பினெல்லா அந்தச் சிற்பியை ஏமாற்றியது தவறில்லையா?

1830-ல் வந்த அந்தக் கதையில் சிற்பி சாராசின் 1758-ல் ரோமுக்குப் போய், ஓபராவில் பாடும் சம்பினெல்லாவைக் காதலிக்கிறான். சம்பினெல்லா சிறு வயதிலேயே காயடிக்கப்பட்ட பாடகர். போப்பின் ஆட்சிப் பகுதியில் பெண்கள் மேடையேறத் தடை, பெண் வேடத்தில் பாடுபவர்கள் இத்தகைய பாடகர்கள்தான் என்பது ஊருக்கே தெரியும், அவனுக்குத்தான் தெரியாது.

நண்பர்களின் விளையாட்டுக்குச் சம்பினெல்லா உடன்பட்டது உண்மை. ஆனால், நான் பெண்ணாக இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று அவனிடமே கேட்கிறார். அவன் சிரிக்கிறான். ஷாம்பெயின் புட்டி திறக்கும் சத்தத்துக்கு அவர் நடுங்குகிறார், பாம்பைக் கண்டு வெளுத்துப்போகிறார். பார், நீ பெண்தான் என்கிறான். தன் மனதில் ஏற்கெனவே செதுக்கிவைத்த சிலைக்குச் சான்று தேடுபவன் அவன்; எதிரில் உள்ள மனிதர் சொல்வது அவன் காதில் ஏறவில்லை. உண்மை தெரிந்ததும் கொல்லப் பாய்கிறான், சம்பினெல்லாவின் பாதுகாவலரான கார்டினலின் (கத்தோலிக்க உயர்குருவின்) ஆட்கள் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். நான் சம்பினெல்லா பக்கம்தான் தங்கச்சி.

கே: இந்தப் பாத்திரங்களுக்கு இன்றைய பாலின அடையாளப் பெயர்களைச் சூட்டலாமா சார் என்று எங்கள் ஆசிரியரைக் கேட்டால், கூடாது என்கிறார். உங்கள் கருத்து?

வாசிப்புக்கு ஒரு வாசலாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. தீர்ப்பாக வைத்துக்கொண்டால் பிரதி சொல்வது காதில் விழாது. வர்ஜீனியா வுல்ஃபின் 'ஆர்லாண்டோ' (1928) நல்ல உதாரணம். நாயகன் கான்ஸ்டான்டிநோபிளில் பல நாள் தூங்கிப் பெண்ணாக எழுகிறான். ஆள் அதே ஆள் என்கிறது நாவல். மாறுவது ஊர் அவளைப் பார்க்கும் விதம்தான். லண்டன் திரும்பியதும் அவள் மேல் வழக்கு: அவள் இறந்துவிட்டாள், ஆகவே சொத்து வைத்திருக்க முடியாது; அவள் பெண், கிட்டத்தட்ட அதே விஷயம். யாருக்காக வுல்ஃப் இதை எழுதினாரோ, அந்த விட்டா சாக்வில்-வெஸ்ட் பெண்ணாகப் பிறந்ததால் தன் குடும்பத்தின் நோல் மாளிகையை இழந்தவர். இதற்கு எந்த அடையாளப் பெயரைச் சூட்டினாலும் அந்த வழக்கின் கோபத்தைத் தவறவிடாதீர்கள்.

கே: எங்கே தொடங்குவது?

'சாராசின்' சின்னது, ஒரே மூச்சில் முடியும். அப்புறம் 'ட்வெல்ஃப்த் நைட்'. மூன்றாவதாக ஜார்ஜ் சாண்டின் 'கேப்ரியல்' (1839). இதைப் படித்தவர்கள் குறைவு. அது எனக்கு வருத்தம். பரம்பரைச் சொத்துக்காகத் தாத்தா ஆணாக வளர்த்த பேத்தி அவள். என் ஆன்மாவுக்குப் பால் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்கிறாள். சொத்து யாருக்குப் போகக்கூடாது என்று இதெல்லாம் நடந்ததோ, அந்த அஸ்டோல்ஃப் மேலேயே அவளுக்குக் காதல் வருகிறது. தோழனாக இருந்தவரை அவளைச் சமமாக நடத்தியவன், மனைவியாக நினைக்க ஆரம்பித்ததும் சந்தேகப்பட்டுப் பூட்டிவைக்கப் பார்க்கிறான். அவள் மறுபடி ஆண் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். படித்துவிட்டு எழுதுங்கள், அஸ்டோல்ஃபைப் பற்றித் தனியாகப் பேசலாம்.