டியூப் ஆம்பில் சத்தம் குறைந்தால் எல்லா டியூபையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கிட்டார் ஆம்பின் சத்தம் திடீரென்று பாதியாகிவிட்டது, சர்வீஸில் டியூப் (உள்ளே சிக்னலைப் பெருக்கும் கண்ணாடி வால்வு) எல்லாம் தேய்ந்துவிட்டது என்கிறார்கள், மொத்தமாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் ஆம்பின் பின்பக்கம் பாருங்கள். செண்ட், ரிட்டர்ன் என்று எஃபெக்ட்ஸ் லூப் ஜாக் (எஃபெக்ட் பெடல்களை ஆம்பின் நடுவில் இணைக்கும் துளை) இரண்டு இருந்தால், நன்றாக வேலை செய்யும் ஒரு சின்ன கேபிளை எடுத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செருகி வாசித்துப் பாருங்கள். சத்தம் திரும்பி வந்துவிட்டால் கோளாறு டியூபில் இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னுடையது இரண்டு ஈஎல்34 பவர் டியூப் போட்ட 50 வாட் ஹெட், அதாவது ஸ்பீக்கர் தனியாக இருக்கும் ஆம்ப். ஒத்திகை நடுவில் ஒருநாள் சத்தம் அப்படியே உள்ளே போய்விட்டது. ஓங்கி ஒரு கார்டு அடித்தால் ஒரு நொடி பழைய சத்தம் வரும், கரகரவென்று ஏதோ கேட்கும், மறுபடி அமுங்கிவிடும். சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப், அதற்கு முன்னால் சிக்னலை வளர்க்கும் பிரீஆம்ப் டியூப் ஒன்று விடாமல் மாற்றிப் பெரிய பில்லோடு திருப்பித் தந்தார்கள். சில நாள் சரியாக இருந்தது. அப்புறம் அதே அமுங்கல்.

கடைசியில் எங்களோடு பாஸ் வாசிக்கும் அண்ணன்தான் கண்டுபிடித்தார். ஒன்றும் பேசாமல் பெடல் போர்டிலிருந்து ஒரு பேட்ச் கேபிளைப் பிடுங்கி செண்டிலிருந்து ரிட்டர்னுக்குப் போட்டார். அறை அதிர்ந்தது.

விஷயம் இதுதான். ரிட்டர்ன் ஜாக்குக்குள்ளே மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். எதுவும் செருகாதபோது அது தொடுமுனையில் ஒட்டி நின்று சிக்னலை நேராகப் பவர் பகுதிக்கு அனுப்பும். என்னைப் போல லூப்பைத் தொடவே தொடாதவர்களின் ஆம்பில் அந்தத் தொடுமுனை கறுத்துப்போய்விடும். ஆம்பை ஆட்டி, தூக்கி வைத்தால் கொஞ்ச நாள் தொடும், அப்புறம் விட்டுவிடும். ஆம்பை அணைத்துவிட்டு, ஒரு பிளக்கின் மேல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ரிட்டர்னில் பல தடவை செருகி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மோசமாகத் தேய்ந்திருந்தால் ஜாக்கை மாற்ற வேண்டியிருக்கும். சில ஆம்பின் லூப் இப்படி வேலை செய்யாது, சில ஆம்பில் லூப்பே இருக்காது என்று யாராவது வந்து சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு கேபிளும் ஒரு நிமிடமும் போதும் என்கிற சோதனையை ஏன் விட வேண்டும்?

டியூப் தேய்வதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேய்ந்தால் அது வேறு மாதிரி தெரியும். 50 வாட் 25 வாட்டாகக் குறைந்தாலும் குறைவது 3 டெசிபல்தான். சத்தம் பாதியாகிவிட்டதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது பவர் பத்தில் ஒரு பங்காக வேண்டும். பவர் டியூப் மெல்ல மெல்ல வயதாகும்போது முதலில் கெடுவது தொனி. தடித்த தந்திகள் தொளதொளவென்று கேட்கும், மெல்லிய தந்திகளில் பளிச்சென்று இருந்தது மங்கும். ஒரே நாளில் பாதிச் சத்தம் போனால் எங்கேயோ ஒரு இணைப்போ ஒரு தனி டியூபோ போயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தனி டியூபா என்று பார்ப்பதும் எளிது. கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த டியூப் முடிந்தது. பிரீஆம்புக்கு, வேலை செய்வது உறுதியான ஒரு 12ஏஎக்ஸ்7 (வழக்கமான பிரீஆம்ப் டியூப்) கையில் இருக்கட்டும். ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டாக அதே டியூபைப் போட்டுப் பாருங்கள். எதில் போட்டபோது சத்தம் திரும்பியதோ, அங்கே இருந்ததுதான் குற்றவாளி. இதற்கு பயஸ் (வாசிக்காதபோதும் டியூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) செட் செய்ய வேண்டாம். பவர் டியூப் அப்படி இல்லை. பயஸைத் தனியாகச் செட் செய்ய வேண்டிய ஃபிக்ஸட் பயஸ் ஆம்பில் புதிதாகப் போட்டால் பயஸ் பார்த்தே ஆக வேண்டும். ஆம்ப் ஓடும்போது பவர் டியூபின் உள்தகடு செக்கச்செவேலென்று சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

ஆம்பின் உள்ளே சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியான சேஸிஸைத் திறக்கச் சொல்லி எழுதுகிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மேலே சொன்ன சோதனை எதற்கும் திறக்கத் தேவையில்லை, ஜாக் மாற்றுவதையும் பயஸ் பார்ப்பதையும் பழக்கம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். பழக்கம் இல்லாதவர் கை வைக்கவே கூடாது. ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பில்லைவிட எனக்கு ஆறாதது இன்னொன்று. என் பழைய டியூப்களை அவர்கள் திருப்பித் தரவே இல்லை. கேட்டதற்கு, தூக்கிப் போட்டாச்சு என்றார்கள். நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவை அவை. கிட்டார் ஆம்புக்கான டியூப்கள் இன்று பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய டியூப் வரத்து தடைப்பட்டபோது எவ்வளவு பேர் அலைந்தோம்! உயிரோடு இருக்கிற டியூபைக் குப்பையில் போட எப்படி மனசு வருகிறது? பழைய டியூப் யார் காசில் வாங்கியதோ அவருக்குத்தான் சொந்தம். இன்னும் பயன்படும் டியூப் ஸ்பேராகவாவது இருக்கும்.

லூப் சோதனையிலும் டியூப் மாற்றிப் பார்த்ததிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஆம்பை சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால், செய்து பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஆம்போடு ஒட்டிவிடுங்கள். கழற்றும் டியூப் எல்லாம் திரும்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.